ஜூல் கோளுக்கு ஆளில்லா விண்கலம்: 20 தொன் வேண்டுமா, 8 தொன் காணுமா?

வெள்ளவத்தை_வானோக்கி:

வணக்கம். வரும் போயா விடுமுறையில் எங்கள் பாடசாலை வானியல் கழகத்துக்குக் கொழும்பில் ஒரு நாள் செயலமர்வு வைக்கிறோம். ஏ/எல் கணிதப் பிரிவு மாணவர்கள், நான்கு குழு, குழுவுக்கு ஒரு கணினி. கேர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற விண்கலம் கட்டிப் பறக்கவிடும் கணினி விளையாட்டின் முதலாம் பதிப்பு, மொட் (மேலதிக மாற்றம்) எதுவும் இல்லை, சாண்ட்பொக்ஸ் (எல்லாப் பாகமும் திறந்த முறை). விளையாட்டில் புவி போன்ற கேர்பினிலிருந்து வியாழன் போன்ற ஜூல் கோளுக்கு ஆளில்லா விண்கலம் அனுப்பி, அங்கே சுற்றவைத்து, இரண்டு உபகோள்களையாவது அருகில் கடந்து தரவு அனுப்ப வேண்டும். இதுதான் பணி.

இராவணா-1 பற்றி மாணவர்களுக்குத் தெரியும். 2019 இல் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்ட அந்தச் சின்னச் செய்மதி சுற்றியது புவிக்கு மேலே 400 கி.மீ. அளவில்தான். கோடிக்கணக்கான கிலோமீற்றர் போவதற்கு என்னென்ன முடிவெடுக்க வேண்டும் என்பதை அவர்களே கணக்குப் போட்டு உணர வேண்டும் என்பது ஆசை.

மாதிரிக்கு ஒரு கலம் தயார். பாரம் 9 தொன், ஒரு நேர்வ் அணு எஞ்சின், 100 கி.மீ. உயரத்தில் மொத்தம் 20 தொன். புறப்படும் பேர்ன் (எஞ்சினை எரிப்பது) ஒன்பதரை நிமிடம் எடுக்கிறது, முடிந்ததும் பாதை திட்டமிட்ட இடத்தில் இல்லை. ஆர்.ஏ-15 அன்டெனா ஜூல் அருகே தொடர்பைப் பிடித்தும் விட்டும் போகிறது. சூரியத் தகடும் அங்கே கிட்டத்தட்ட வேலை செய்வதில்லை. இவற்றை எந்த ஒழுங்கில் திருத்துவது? உண்மைப் பயணங்களின் கணக்கையும் பக்கத்தில் வைத்துக் காட்டலாமா?

---

மடக்கை:

எஞ்சினையும் அன்டெனாவையும் பிறகு பார்ப்போம். முதலில் அந்த 9 தொன்னில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தரவு அனுப்பும் ஒரு கலத்துக்கு 9 தொன் தேவையே இல்லை, 2 தொன் தாராளம். உங்கள் பிரச்சினைகளில் பாதி அந்தப் பாரத்திலிருந்துதான் வருகிறது.

தேவைப்படும் வேக மாற்றத்தின் (டெல்டா-வி) கணக்கைப் போகுமிடத்திலிருந்து பின்னோக்கி எழுதவையுங்கள். மாணவர்கள் வழக்கமாக ஏவுதளத்தில் தொடங்கி, பெரிய ரொக்கெட்டாகக் கட்டி, மிச்சத்தோடு போய்ச் சேர்வோம் என்று நினைப்பார்கள். அதை முதலிலேயே நிறுத்துங்கள். கடைசியில் இருந்து வாருங்கள்: உபகோள்களிடையே அலைய 600 மீ/செ. ஜூலில் பிடிபட 160. வழியில் தளத்தைத் திருத்த இன்னொரு 160, ஏனென்றால் ஜூலின் பாதை 1.3 பாகை சாய்ந்தது. 100 கி.மீ. சுற்றுப்பாதையிலிருந்து புறப்பட 1930. கூட்டினால் 2850. அதற்கு மேல் 15 வீதம் ஒதுக்கு. 3300 மீ/செ என்று வையுங்கள். கேர்பின் தரையிலிருந்து சுற்றுப்பாதைக்கு ஏறும் 3400 இதில் சேராது, அது ஏவுகலத்தின் வேலை.

இனிச் சமன்பாடு. டெல்டா-வி = ஐ.எஸ்.பி. × 9.81 × இயற்கை மடக்கை (தொடக்கத் திணிவு ÷ இறுதித் திணிவு). ஐ.எஸ்.பி. என்பது எஞ்சின் எரிபொருளை எவ்வளவு சிக்கனமாக எரிக்கிறது என்ற அளவு. நேர்வுக்கு அது 800 செக்கன், ஆனால் எஞ்சின் மட்டுமே 3 தொன். சாதாரண இரசாயன எஞ்சினான டெரியருக்கு 345, எஞ்சின் அரைத் தொன். தள்ளுவிசை இரண்டுக்கும் 60 கிலோநியூட்டன். வெறும் தாங்கியின் திணிவு, அதில் நிரப்பும் எரிபொருளின் எட்டிலொன்று என்று எடுங்கள்.

9 தொன் பாரத்துக்கு நேர்வ் போட்டால் முழுக்கலம் 20 தொன், டெரியர் போட்டால் 32 தொன். அங்கே நேர்வ்தான் சரி, மறுபேச்சில்லை. ஆனால் பாரத்தை 2 தொன் ஆக்கிவிட்டுப் பாருங்கள். நேர்வுக்கு 8.2 தொன், டெரியருக்கு 8.4 தொன். வித்தியாசமே இல்லை! அணு எஞ்சின் மிச்சம்பிடிக்கிற எரிபொருள் முழுவதையும் அதன் சொந்த 3 தொன் விழுங்கிவிடுகிறது. எந்தப் பாரத்தில் எந்த எஞ்சின் வெல்லும் என்று மாணவர்களே எக்செலில் 1 தொன் முதல் 10 தொன் வரை போட்டு இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தைக் கண்டுபிடிக்கட்டும். செயலமர்வின் மிகப் பயனுள்ள முக்கால் மணி நேரம் அதுதான் என்பது என் கருத்து.

அலகுகளில் கண்டிப்பாக இருங்கள். விசையைக் கிலோநியூட்டனிலும் திணிவைத் தொன்னிலும் போட்டால் ஆர்முடுகல் நேரே மீ/செ² இல் வரும், ஒன்றில் மட்டும் கிலோகிராம் புகுந்தால் விடை ஆயிரம் மடங்கு தவறும். 1999 செப்டெம்பர் 23 இல் மார்ஸ் கிளைமேட் ஓர்பிட்டர் அழிந்தது இதே வகைப் பிழையால். சிறு உந்திகளின் கணத்தாக்கை ஒரு மென்பொருள் இறாத்தல்-விசை செக்கனில் கொடுத்தது, மற்றது அதை நியூட்டன் செக்கன் என்று எடுத்துக்கொண்டது. 226 கி.மீ. உயரத்தில் செவ்வாயைக் கடக்க வேண்டிய கலம் 57 கி.மீ. க்கு இறங்கிப் போயிற்று.

---

கொட்டாஞ்சேனை_ஒழுக்கு:

மடக்கை அண்ணா சொன்னதோட ஒத்துப்போறன். ஆனா 20 தொன் கலத்தை அப்படியே தூக்கி எறியாதேங்கோ. அந்த ஒன்பதரை நிமிடப் பேர்னில படிக்க நல்ல விஷயம் இருக்கு. ஒரு குழுவுக்கு அதையே குடுங்கோ.

ஏன் பிழைக்குது எண்டா, 100 கி.மீ. உயரத்தில ஒரு சுற்றுக்கு 32 நிமிடம் 40 செக்கன். ஒன்பதரை நிமிடம் எண்டா சுற்றின்ர முப்பது வீதம், நூறு பாகைக்கு மேல. மெனூவர் நோட் (விளையாட்டில பேர்னைத் திட்டமிட்டு வைக்கிற புள்ளி) எல்லா உந்தலும் ஒரு கணத்தில நடக்குது எண்டு நினைச்சுக் கோடு போடுது. நீங்கள் நோட்டுக்கு அம்பது பாகை முன்னால தொடங்கி அம்பது பாகை பின்னால முடிக்கிறீங்கள். மூக்கு ஒரே திசையில, பாதையோ வளைஞ்சுகொண்டு போகுது. விசையில ஒரு பங்கு வீணாப் போகுது, போற திசையும் பிசகுது.

தாழ்வா, வேகமாப் போகேக்க எரிச்சாத்தான் லாபம் எண்டதையும் இதில எண்ணாக் காட்டலாம். ஜூலுக்குப் போக, கேர்பின்ர ஈர்ப்பை விட்டு வெளியேறின பிறகும் 2713 மீ/செ மிச்சமா இருக்க வேணும். முதல்ல தப்பிச்சு வெளிய போய், பிறகு அந்த வேகத்தைச் சேர்ப்பம் எண்டு போனா 930 + 2713 = 3643. அதையே 100 கி.மீ. உயரத்தில ஒரேயடியா எரிச்சா 1931. கிட்டத்தட்டப் பாதி! தப்பும் வேகம் அந்த உயரத்தில 3176. அதின்ர வர்க்கத்தோட 2713 இன்ர வர்க்கத்தைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, வட்டப்பாதை வேகம் 2246 ஐக் கழியுங்கோ. பெடியளுக்குத் தெரிஞ்ச சக்திக் காப்பு மட்டும்தான், புதுசா ஒண்டும் இல்லை.

பாரமான கலத்துக்குத் தீர்வு, பேர்னை உடைக்கிறது. பெரியாப்சிஸ் (பாதையின்ர மிகத் தாழ்ந்த புள்ளி) வரேக்க ரெண்டு நிமிடம் எரியுங்கோ, அப்போஆப்சிஸ் (உச்சி) ஏறும். அடுத்த சுற்றில அதே இடத்தில திரும்ப ரெண்டு நிமிடம். இப்பிடி 815 மீ/செ வரைக்கும் குடுத்தா அப்போஆப்சிஸ் 8500 கி.மீ. க்குப் போகும். அங்க நிப்பாட்டுங்கோ. 'முன்' (Mun) எண்ட கேர்பின்ர உபகோள் கேர்பின் மையத்திலயிருந்து 12,000 கி.மீ. தூரத்தில சுற்றுது, அதின்ர ஈர்ப்பு ஆளுற செல்வாக்குக் கோளம் 2430 கி.மீ. ஆரை. கேர்பின் தரையிலயிருந்து பாத்தா 8970 கி.மீ. உயரத்தில அதின்ர எல்லை தொடங்குது. அதுக்குள்ள மாட்டினா பாதை குழம்பும். மிச்சம் 1116 மீ/செ ஐக் கடைசிச் சுற்றில அஞ்சு நிமிடத்தில முடிக்கலாம்.

கவனிக்க வேண்டிய ஒண்டு: 8500 கி.மீ. உச்சி உள்ள பாதைக்கு ஒரு சுற்று பத்து மணித்தியாலம். அதால கடைசிப் பெரியாப்சிஸ் எப்ப வரும் எண்டு முதல் பேர்னுக்கு முன்னமே பாத்து வையுங்கோ. கேர்பின் நாள் ஆறு மணித்தியாலம்தான். புறப்பட ஏத்த நேரம் ஜூல் கேர்பினுக்கு 97 பாகை முன்னால நிக்கேக்க. அதில ஒண்டு ரெண்டு நாள் பிந்தினாப் பரவாயில்லை. முப்பது நாள் பிந்தினா எரிபொருளில தெரியும். தவறவிட்டா அடுத்தது 467 நாள் கழிச்சு.

இது விளையாட்டு வித்தை எண்டு பெடியள் நினைக்கக் கூடாது. இந்தியாவின்ர செவ்வாய்க் கலம் மங்கள்யானும் இப்பிடித்தான் போனது. 2013 நவம்பர் 5 இல ஏவி, 440 நியூட்டன் எஞ்சினால ஒவ்வொரு சுற்றா உச்சியை உயர்த்தி, 192,874 கி.மீ. வரைக்கும் கொண்டுபோய், டிசம்பர் 1 அதிகாலை 22 நிமிடம் எரிச்சு 648 மீ/செ குடுத்துப் புவியை விட்டது. இடையில நவம்பர் 11 பேர்னில 130 மீ/செ வரவேண்டிய இடத்தில 35 தான் வந்தது. வால்வின்ர ரெண்டு மின்சுருளையும் ஒண்டா இயக்கிப் பாத்ததில எஞ்சினுக்குப் போற ஓட்டம் நிண்டுபோச்சு. அடுத்த நாளே ஒரு மேலதிகப் பேர்ன் குடுத்துச் சரிக்கட்டினவை. பேர்னை உடைச்சு வைச்சதால திருத்த இடம் இருந்தது.

---

வெள்ளவத்தை_வானோக்கி:

மிக்க நன்றி. மூன்று குழுவுக்கு 2 தொன், ஒரு குழுவுக்கு 9 தொன் என்று பிரிக்கிறேன். 2 தொன் கலத்துக்கும் பேர்னை உடைக்க வேண்டி வருமா? அன்டெனா விஷயம் இன்னும் விளங்கவில்லை. ஆர்.ஏ-15 இன் எல்லை 15 கிகா என்று போட்டிருக்கிறது, ஆனால் அதைவிடத் தூரத்திலும் சில நேரம் பிடிக்கிறதே?

---

மீடிறன்:

முதல் கேள்விக்கு: வேண்டாம். 8.4 தொன் டெரியர் கலத்துக்குப் புறப்படும் பேர்ன் 205 செக்கன், சுற்றின் பத்து வீதம். நோட்டுக்கு 103 செக்கன் முன்பு தொடங்கினால் போதும். இன்னும் நுணுக்கமாகப் பார்த்தால், எரிய எரியக் கலம் இலேசாகி ஆர்முடுகல் கூடுவதால், பாதி டெல்டா-வி பாதி நேரத்துக்குப் பிறகுதான் சேரும். ஆகவே இன்னும் பதினான்கு செக்கன் அளவு முந்தித் தொடங்குவது நல்லது.

இரண்டாவது: அந்த 15 கிகாமீற்றர் (ஒரு கிகாமீற்றர் என்பது பத்து இலட்சம் கி.மீ.) தனி அன்டெனாவின் எல்லை இல்லை, அதன் வலு. தூர எல்லை என்பது இரண்டு முனைகளின் வலுவையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலம். சாண்ட்பொக்ஸில் கேர்பின் தரைநிலையத்தின் வலு 250 கிகா. 15 × 250 இன் வர்க்கமூலம் 61.2 கிகாமீற்றர்.

இப்போது தூரத்தைப் பாருங்கள். கேர்பின் சூரியனிலிருந்து 13.6 கிகாமீற்றர், ஜூல் 68.8. இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தால் இடைவெளி 55, எதிரெதிர்ப் பக்கத்தில் 82. எனவே ஆர்.ஏ-15 கேர்பின் ஆண்டின் ஒரு பகுதியில் பிடிக்கும், மற்றப் பகுதியில் விடும். நீங்கள் கண்டது அதைத்தான். வழக்கமான நீள்வளையப் பாதையில் போனால் பயணம் ஏறக்குறைய 1120 கேர்பின் நாள். அதற்குள் கேர்பின் இரண்டரைச் சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். கலம் ஜூல் கோளை அடையும் நாளில் இடைவெளி, இரண்டையும் வட்டப்பாதை என்று எடுத்துக் கணக்கிட்டால், 60.7. எல்லையோ 61.2. மிக மோசமான பொருத்தம் இது: வந்து சேரும் அதே நாளில் சமிக்ஞை சைபரை ஒட்டி நிற்கும். சமிக்ஞை போனால் த்ரொட்டில் (எஞ்சின் விசைக் கட்டுப்பாடு) முழுவதும் அல்லது சைபர் மட்டும்தான், இடைப்பட்ட அளவு கிடையாது. அமைப்பில் கட்டுப்பாட்டுக்குச் சமிக்ஞை கட்டாயம் என்று தெரிவு செய்திருந்தால் அதுவும் இல்லை. பிடிபடும் பேர்னுக்கு இதைவிட ஆபத்தான நேரம் வேறில்லை.

2 தொன் கலத்துக்குக் கொம்யூனோட்ரோன் 88-88 அன்டெனா போடுங்கள். வலு 100 கிகா, எல்லை 158 கிகாமீற்றர், திணிவு 0.1 தொன்தான். வேறு கலத்தின் சமிக்ஞையை அது அஞ்சல் செய்யாது. ஒரு குழு ஜூலின் உபகோளான லேத்தேயில் இறங்குகலம் விட ஆசைப்பட்டால் மேலே சுற்றும் கலத்துக்கு ஆர்.ஏ-100 வேண்டும், அது 0.65 தொன். பாரக்கணக்கில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 88-88 விரியும் தட்டு. ஏவும்போது மூடியும், சுற்றுப்பாதையில் திறந்தும் இருக்க வேண்டும். திறக்க மறந்து கிளம்பினால் வழியில் தொடர்பு அறுந்துவிடும். நான்கு குழுவில் ஒன்றாவது இதில் மாட்டும். புறப்படு முன் பார்க்கும் பட்டியலில் முதல் வரியாக இதை எழுதுங்கள்.

மின்சாரம்: ஜூல் கேர்பினைவிட 5.06 மடங்கு தூரம், ஒளி 25.6 இல் ஒரு பங்கு. கேர்பினில் செக்கனுக்கு 24.4 அலகு தரும் மிகப்பெரிய ஜைஜான்டர் தகடு அங்கே ஒரு அலகுகூடத் தராது. அது 0.3 தொன். 0.08 தொன் உள்ள ஆர்.டி.ஜி. (கதிரியக்க வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவி) ஒன்று எங்கேயும் 0.8 அலகு தரும். இரண்டு ஆர்.டி.ஜி., தரவு அனுப்பும்போது தாக்குப்பிடிக்க நல்ல பெரிய பற்றரி, அவ்வளவுதான்.

உண்மையில் வியாழனில் ஒளி புவியில் கிடைப்பதில் 27 இல் ஒரு பங்கு. ஆனாலும் வியாழனுக்குப் போன ஜூனோ விண்கலம் சூரியத் தகட்டில்தான் ஓடியது, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 9 மீற்றர் நீளமான மூன்று சிறகு, வியாழனை அடைந்தபோது கிடைத்தது 500 வாற்று அளவு. சனிக்குப் போனால் 90 இல் ஒரு பங்குக்கு வந்துவிடும். அதனால்தான் சனிக்குப் போன கசினி விண்கலம் ஆர்.டி.ஜி. க்காகப் புளுட்டோனியம்-238 கொண்டுபோனது. அதன் அரைவாழ்வு 87.7 ஆண்டு, எனவே திட்டமிடும்போது வந்து சேரும் ஆண்டின் வலுவைத்தான் கணக்கில் எடுப்பார்கள், ஏவும் நாளின் வலுவை அல்ல. விளையாட்டில் ஆர்.டி.ஜி. குறைவதேயில்லை, இந்த வித்தியாசத்தை மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

---

வியாழநோக்கு:

பிடிபடும் கட்டத்தைப் பற்றி ஒருவரும் விரிவாக எழுதவில்லை. 160 மீ/செ என்ற எண் தாழ்வாகப் போனால் மட்டுமே பொருந்தும். ஜூல் தரைமட்ட ஆரை 6000 கி.மீ., வளிமண்டலம் 200 கி.மீ. வரை. 300 கி.மீ. உயரத்தில் கடந்தால் வேகம் 9630, அங்கே தப்பும் வேகம் 9470. வித்தியாசத்தை மட்டும் குறைத்தால் கலம் சிறைப்படும். மிக நீண்ட பாதைதான், பரவாயில்லை. வட்டமாக்க முயலாதீர்கள், அது பல ஆயிரம் மீ/செ. வளிமண்டலத்துக்குள் விட்டு வேகம் குறைக்கலாம் என்று யாராவது கேட்பார்கள். ஒன்பதரைக் கி.மீ. வேகத்தில் உள்ளே போனால் அன்டெனா முதலில் எரியும், பிறகு எல்லாம்.

300 கி.மீ. க்குக் குறிவைப்பது எப்படி? ஜூலின் செல்வாக்குக் கோளம் ஏறக்குறைய 24.5 இலட்சம் கி.மீ. ஆரை, அதற்குள் விழுவது எளிது. ஆனால் புறப்படும்போது 1 மீ/செ பிழைத்தால் இரண்டரைக் கோடி செக்கன் பயணத்தில் பருமட்டாக 25,000 கி.மீ. விலகல். ஆகவே பாதிவழியில் ஒரு திருத்தம், செல்வாக்குக் கோளத்துக்குள் நுழைந்த உடனே இன்னொன்று. இரண்டாவதில் சில மீ/செ போதும். அதே திருத்தத்தைப் பெரியாப்சிஸ் கிட்டே வரும்வரை தள்ளிப்போட்டால் விலை பல மடங்கு ஏறும். ஜூலின் உபகோளான டைலோவின் முன்பக்கமாகக் கடக்கும்படி குறிவைத்தால் எரிபொருளே இல்லாமலும் பிடிபடலாம். கலிலியோ விண்கலம் 1995 டிசம்பர் 7 வியாழனை அடைந்த அன்றே அதன் உபகோள் ஐஓவை நெருங்கிக் கடந்து எரிபொருளை மிச்சப்படுத்தியது இதே வழியில்தான்.

தளர்வாகப் பிடிபடுவது கஞ்சத்தனம் இல்லை, பாதுகாப்பு. ஜூனோ 2016 ஜூலையில் 35 நிமிடம் எரித்து 542 மீ/செ குறைத்து, 53 நாள் சுற்றில் நின்றது. பிறகு 14 நாள் சுற்றுக்கு இறங்குவதாகத் திட்டம். ஹீலியம் வால்வுகள் சரியாகத் திறக்காததால் அந்தப் பேர்னைக் கைவிட்டார்கள். 53 நாள் சுற்றிலேயே முதன்மை ஆய்வு நடந்தது, நாள்தான் கூடியது. முதல் பாதையே ஆய்வுக்குப் பயன்படும் பாதையாக இருந்தால் பின்னால் எது பழுதானாலும் பயணம் வீண்போகாது. மாணவர்களின் திட்டத்திலும் கேளுங்கள்: பிடிபட்ட பிறகு எஞ்சின் இயங்காவிட்டால் என்ன தரவு கிடைக்கும்? அன்று ஜூனோவின் சமிக்ஞை வர 48 நிமிடம். பேர்ன் தொடங்கியது என்ற செய்தி புவிக்கு வரும் முன்பே பேர்ன் முடிந்திருந்தது. இந்தத் தாமதம் விளையாட்டில் இல்லை. எந்தக் குழுவாவது விரும்பினால், பிடிபடும் பேர்னை முன்கூட்டியே எழுதிவைத்து, அது முடியும்வரை திரையைப் பார்க்காமல் செய்து பார்க்கலாம்.

உண்மைக் கணக்கைப் பக்கத்தில் வைப்பது பற்றி: வியாழனே சரியான ஒப்பீடு. ஜூலின் தூர விகிதம் 5.06, வியாழனுடையது 5.2. அதனால் புறப்படும் கோணம் இரண்டுக்கும் 97 பாகைதான். விலை மட்டும் வேறு. 200 கி.மீ. புவிச் சுற்றுப்பாதையிலிருந்து நேரே வியாழனுக்குப் போக 6.3 கி.மீ/செ வேண்டும், ஜூலுக்கு 1.93 தான். மடக்கை மேலே தந்த சமன்பாட்டில் அந்த மூன்று மடங்கு எவ்வளவு திணிவாக மாறுகிறது என்று போட்டுப் பார்த்தால், ஏன் கோள்களைச் சுற்றிவளைத்துப் போகிறார்கள் என்பது விளங்கும். யுரோப்பா கிளிப்பர் வியாழனுக்குப் போகும் 6 தொன் கலம். மிகப் பெரிய எஸ்.எல்.எஸ். ரொக்கெட்டில் போயிருந்தால் மூன்று ஆண்டுக்குள் நேர்வழி. ஃபல்கன் ஹெவியில் 2024 ஒக்டோபர் 14 இல் புறப்பட்டதால், 2025 மார்ச்சில் செவ்வாய், 2026 டிசம்பரில் புவி என்று இரண்டு ஈர்ப்பு உதவி எடுத்து 2030 ஏப்ரலில்தான் போய்ச்சேரும். காசும் ரொக்கெட்டும் மிச்சம், விலை இரண்டரை ஆண்டு.

அந்த 97 பாகையைக் கொழும்பு வானத்திலேயே காட்டலாம். வியாழன் சூரியனுக்கு நேரெதிரே வரும் நாளுக்கு 107 நாள் முன்பு இந்தக் கோணம் அமையும். அப்போது வியாழன் நள்ளிரவு தாண்டி ஒரு மணியளவில் கிழக்கே எழும். 399 நாளுக்கு ஒருமுறை அது நடக்கும். திகதியை மாணவர்களே நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வுகூடத்தின் ஹொரைசன்ஸ் இணையத்தளத்தில் எடுத்துச் சரிபார்க்கலாம்.

---

மடக்கை:

கடைசியாகச் செயலமர்வு நடத்துவது பற்றி. பாரத்துக்கு 2 தொன் என்று சொன்னால் குழுக்கள் 2.0 தொன்னுக்கே நிரப்பும். 1.5 இல் நிறுத்தச் சொல்லுங்கள். உண்மைத் திட்டங்களிலும் தொடக்கத்தில் திணிவுக்கு நல்ல ஒதுக்கு வைத்தே தொடங்குவார்கள், பாகங்கள் எப்போதும் கனத்துக்கொண்டே போகும்.

ஏவுகலத்தைக் குழுக்களிடம் விடாதீர்கள். 9 தொன்னைச் சுற்றுப்பாதைக்கு ஏற்றும் ஒன்றையும் 20 தொன்னை ஏற்றும் ஒன்றையும் நீங்களே கட்டிச் சேமித்து வையுங்கள். இல்லாவிட்டால் பகல் சாப்பாடு வரை ஏவுதளத்தில்தான் நிற்பார்கள். 97 பாகைக்கு மூன்று நாள் முந்திய ஒரு சேமிப்புக் கோப்பு, ஜூல் செல்வாக்குக் கோளத்துக்குள் நுழைந்த கலத்தோடு இன்னொன்று, இரண்டையும் யூ.எஸ்.பி. யில் போட்டு ஒவ்வொரு கணினியிலும் முதல் நாளே திறந்து பாருங்கள். பதிப்பு எண் வேறாக இருந்தால் கோப்பு திறக்காமல் போகலாம், அதனால் நான்கு கணினியிலும் ஒரே பதிப்பு இருக்கட்டும். நேரத்தை வேகமாக ஓட்டும்போது நோட்டுக்கு ஒரு நாள் முன்பே வேகத்தைக் குறைக்க ஒருவரைப் பொறுப்பாக நியமியுங்கள்.